கேம்ரிக்கு மேல் ஒரு வரி: லெக்ஸஸ் இஎஸ் 300ஹெச், ஒன்றரை வருடம் ஓட்டிய பிறகு

நாகர்கோவில் பார்வதிபுரத்தில் ஒரு சின்ன டிராவல்ஸ் நடத்துகிறேன். ஆறு வண்டி, நான்கு டிரைவர், ஐந்தாவது ஆள் நான். கல்யாண ஓட்டமும் திருவனந்தபுரம் ஏர்போர்ட் ஓட்டமும்தான் எங்களுக்குச் சோறு போடுகின்றன. ஆபீஸ் சுவரில் வாடகை அட்டை ஒன்று மாட்டியிருக்கிறேன். அதில் முதல் வரியில் நிற்கிற வண்டிதான் கடைக்கு முகம். கல்யாண வீட்டுக்காரர்கள் உள்ளே வந்து உட்கார்ந்ததும், "உங்ககிட்ட உள்ளதுல மேலான வண்டி எது?" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

மூன்று வருடம் அந்த வரியில் டொயோட்டா கேம்ரி ஹைப்ரிட் (பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்த வண்டி) இருந்தது, 2019 மாடல். ஒன்றரை வருடத்துக்கு முன் கொச்சியில் ஒருவரிடமிருந்து 2022 மாடல் லெக்ஸஸ் இஎஸ் 300ஹெச் வாங்கினேன். லெக்ஸஸ் என்பது டொயோட்டாவின் சொகுசு பிராண்ட், இதுவும் ஹைப்ரிட்தான். என்ஓசி வாங்கி, நாகர்கோவில் பதிவான டிஎன் 74-க்கு மாற்றி, டூரிஸ்ட் பெர்மிட் எடுத்து, மஞ்சள் போர்டு மாட்டி ஓட்டத்துக்கு விடுவதற்குள் இரண்டரை மாதம் போய்விட்டது. அதை முதல் வரியில் எழுதி, கேம்ரியை இரண்டாவது வரிக்கு இறக்கினேன்.

முதல் மாதமே தக்கலையில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் தாய்மாமன் பல வருடம் கத்தாரில் வண்டிகளோடு புழங்கியவர். மண்டப வாசலில் குனிந்து சக்கரத்தையும் அடிப்பக்கத்தையும் பார்த்தார். பானெட்டைத் திறக்கச் சொல்லி இன்ஜினைப் பார்த்தார். அப்புறம் என்னிடம், "தம்பி, இது கேம்ரி தானே? சட்டைய மட்டும் மாத்தியிருக்காவ. இதுக்கு எதுக்கு நாலாயிரம் ரூவா கூட?" என்றார்.

அவர் சண்டைக்குக் கேட்கவில்லை, விவரம் தெரிந்து கேட்டார். அன்று என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. வாடகை வாங்குகிறவன் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும். அதற்குப் பிறகு இரண்டு வண்டியையும் மாற்றி மாற்றி, ஒரே ரோட்டில், ஒரே மாதிரி ஆட்களை ஏற்றி ஓட்டிப் பார்த்தேன்.

முதலில் அவர் சொன்னதில் எவ்வளவு உண்மை என்று பார்ப்போம். பெரும்பகுதி உண்மை. இரண்டுக்கும் டொயோட்டாவின் ஜிஏ-கே என்ற ஒரே பிளாட்ஃபார்ம். இன்ஜின் ஒன்றுதான், 2.5 லிட்டர், நான்கு சிலிண்டர், கூட மின்மோட்டார். இரண்டும் முன்சக்கர இழுவை. சஸ்பென்ஷனும் ஒரே வகை, முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், பின்னால் மல்டிலிங்க். என்னிடம் உள்ள இரண்டு வண்டிக்கும் டயர் அளவுகூட ஒன்றே, 235/45 ஆர்18. இஎஸ் இந்தியாவில் 2020 முதல் பெங்களூருக்கு வெளியே பிடதியில் கோர்க்கப்படுகிறது. கேம்ரியும் அதே பிடதியிலிருந்துதான் வருகிறது.

பிளாட்ஃபார்ம் என்றால் பலர் வண்டியின் உடம்பு என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. வீட்டுக்கு வானம் தோண்டி அஸ்திவாரம் போடுகிறோமே, அதுபோல. இன்ஜின் எங்கே உட்காரும், சஸ்பென்ஷன் எங்கே பிடிக்கும், முன்சக்கரத்துக்கும் டிரைவர் காலுக்கும் எவ்வளவு இடைவெளி, ஹைப்ரிட் பேட்டரி எங்கே போகும் என்ற அடிப்படைகள் அதில் முடிவாகிவிடும். அதன் மேல் நீளத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். கேம்ரியின் வீல்பேஸ், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம், 2,825 மில்லிமீட்டர், இஎஸ் 2,870. மொத்த நீளத்தில் இஎஸ் 90 மில்லிமீட்டர் கூடுதல். பின்சீட்டில் கால் நீட்டும் இடத்தில் அந்த வித்தியாசம் உட்கார்ந்தவுடனே தெரியும்.

வசதிகளை மட்டும் எண்ணினால் கேம்ரி பெரிதாகத் தோற்காது. சொல்லப்போனால் நம் நாட்டுக் கேம்ரியின் பின்சீட் முதலாளி உட்காருவதற்கென்றே செய்தது. சாய்மானத்தை பட்டனில் சாய்க்கலாம். பின்னால் உள்ளவர்களுக்குத் தனி ஏசி அளவு வைக்கலாம். பின்கண்ணாடித் திரை பட்டனில் ஏறும். இவையெல்லாம் இஎஸ்ஸிலும் உண்டு. ஏர்பேக் கேம்ரியில் 9, இஎஸ்ஸில் 10. பாட்டுக்கு கேம்ரியில் ஜேபிஎல் 9 ஸ்பீக்கர், இஎஸ்ஸில் மார்க் லெவின்சன் 17 ஸ்பீக்கர். பாட்டு கேட்கிறவருக்கு இது பெரிய வித்தியாசம். என் வண்டியில் பாதி நேரம் நாதஸ்வரமும் மீதி நேரம் போன் பேச்சும்தான், அதனால் இதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

பட்டியல் இப்படி இருக்க, வித்தியாசம் எங்கே என்று எனக்குப் புரிந்தது ஆரல்வாய்மொழியில்.

ஆடி மாதம். திருநெல்வேலியில் ஒரு நிச்சயதார்த்தம் முடிந்து, சாயங்காலம் குடும்பத்தோடு திரும்பிக்கொண்டிருந்தோம். காவல்கிணறு தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாயை நெருங்கினாலே மேற்கிலிருந்து காற்று அடிக்கும். அங்கே காற்றாலை சும்மா நடப்படவில்லை. கேம்ரியில் அந்த இடம் வந்தால் ஜன்னல் ஓரத்தில் ஊதுவது போல ஒரு சத்தம் ஆரம்பிக்கும். பின்னால் பேசிக்கொண்டிருப்பவர்கள் தாங்கள் அறியாமலே குரலை உயர்த்துவார்கள். டிரைவர் சீட்டில் இருந்து இதை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். அன்று இஎஸ். காற்று வண்டியைத் தள்ளுவது ஸ்டீயரிங்கில் எனக்குத் தெரிகிறது. ரோட்டோரத்தில் பனை ஓலைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கின்றன. பின்சீட்டில் பெரியவர் ஒருவர், பெண்ணின் தாத்தா, நகைக் கணக்கை மெல்லிய குரலில் பேரனிடம் சொல்லிக்கொண்டே வருகிறார். கணவாய் தாண்டும் வரை அவர் குரல் ஒரு படி ஏறவில்லை. தோவாளை வந்ததும்தான் அது எனக்கே உறைத்தது.

அதன் பிறகு என்ன செய்திருக்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். சத்தம் கடத்தாத கண்ணாடி, தரையில் 90 சதவீதத்துக்கு மேல் சத்தம் உறிஞ்சும் பொருள், ஸ்பீக்கர் வழியாக எதிர் ஒலி அனுப்பி இன்ஜின் இரைச்சலை அடக்கும் ஏற்பாடு, உள்ளே காற்றறை வைத்து டயர் இரைச்சலைக் குறைக்கும் சக்கரம். ஷாக் அப்சார்பரில் ஸ்விங் வால்வு என்று ஒன்று. மிகச் சின்ன அசைவுக்கும் எண்ணெய் ஓட வழி விடுவது அதன் வேலை. நாகர்கோவிலில் இருந்து களியக்காவிளை வரை ரோட்டில் பெரிய பள்ளத்தைவிட ஒட்டுப்போட்ட தார்தான் அதிகம். அந்த ஒட்டுகளில் கேம்ரி "தட் தட்" என்று போகும், இஎஸ் அவற்றை விழுங்கிவிடும். அஸ்திவாரம் ஒன்றாக இருந்தாலும் மேலே செய்த வேலை வேறு. இதெல்லாம் சட்டை மாற்றுகிற வேலை அல்ல.

இன்னொரு ஓட்டத்தைச் சொல்லியே ஆக வேண்டும். குளச்சலில் எங்களுக்குப் பல வருட வாடிக்கைக் குடும்பம். அந்த வீட்டுப் பாட்டிக்கு இடுப்பில் ஆபரேஷன். திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது கேம்ரி, பத்து நாள் கழித்துக் கூட்டி வந்தது இஎஸ். எண்பது வயது தாண்டிய அந்த அம்மாவுக்கு லெக்ஸஸும் தெரியாது, கேம்ரியும் தெரியாது. வண்டியின் நிறம்கூட இரண்டும் வெள்ளைதான். பாலராமபுரத்து நெரிசலில் வண்டி மின்மோட்டாரில் ஊர்ந்தபோது, "மக்கா, வண்டி நிக்கியா, ஓடியா?" என்று கேட்டார். ஓடுது பாட்டி என்றேன். மார்த்தாண்டம் மேம்பாலம் ஏறும்போது தூங்கிவிட்டார். வீட்டு வாசலில் எழுப்பியபோது மருமகளிடம், "போகும்போது வந்த வண்டி இல்ல கேட்டியா இது. அதுல ஒவ்வொரு குழியும் இடுப்புல கேட்டுது" என்றார்.

தக்கலைத் தாய்மாமனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அந்தப் பாட்டி சொன்னதுதான்.

ஆனால் குறை சொல்லாமல் விடமுடியாது. இஎஸ்ஸில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது இன்ஜின் சத்தம். மெதுவாகப் போகும்போது இருக்கிற மரியாதை, காலை அழுத்தினால் போய்விடும். குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்கு ஏறும்போது முன்னால் ரப்பர் தடி ஏற்றிய லாரி. தாண்டுவதற்கு ஒரு மிதி மிதித்தால் நான்கு சிலிண்டர் இன்ஜின் ஒரே சுருதியில் கத்த ஆரம்பிக்கும். படிப்படியாக கியர் மாறாத இ-சிவிடி கியர்பாக்ஸ் என்பதால், வேகம் வந்து சேரும் வரை அந்தக் கத்தல் இறங்காது. கேம்ரியில் கேட்கிற அதே சத்தம், கொஞ்சம் மெத்தை போட்டு மூடியது போல. கேம்ரியில் அதை நான் மன்னிப்பேன். முதல் வரி வண்டியில் மன்னிக்க மனம் வரவில்லை. அஸ்திவாரத்தைப் பகிர்ந்துகொண்டதற்கு இந்த வண்டி கொடுக்கிற உண்மையான விலை இதுதான் என்று நினைக்கிறேன். தரையையும் கண்ணாடியையும் மாற்றியவர்கள் இன்ஜினை மாற்றவில்லை.

டிக்கி அடுத்த குறை. என் கேம்ரியில் 524 லிட்டர், இஎஸ்ஸில் 454. மஸ்கட்டிலிருந்து வருகிற ஒரு குடும்பத்தின் அட்டைப்பெட்டிகளை ஏற்றிப் பார்த்தவர்களுக்கு இந்த 70 லிட்டர் எவ்வளவு என்று தெரியும். ஏர்போர்ட் ஓட்டத்துக்கு இஎஸ் கேட்பவர்களிடம் பெட்டி எத்தனை என்று கேட்டுவிட்டுத்தான் சரி என்கிறேன். மூன்று பெரிய பெட்டிக்கு மேல் என்றால் கேம்ரியை அனுப்புகிறேன், வாடகையும் குறைவு. முன்மூக்கு நீளம் என்பதால் பழைய வீடுகளின் சரிவில் அடி உரசும். திங்கள்சந்தைப் பக்கம் ஒரு வீட்டில் மணமகளை ரோட்டிலேயே இறக்க வேண்டி வந்தது. அந்த வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

இனி, முதல் வரி வண்டிக்குச் சொல்கிற 'ஃபிளாக்‌ஷிப்' என்ற பட்டம். கார் கம்பெனிகள் தங்கள் வரிசையில் தலையாய வண்டிக்கு இந்தப் பெயரை வைக்கின்றன. சொல் கடற்படையிலிருந்து வந்தது. தளபதி எந்தக் கப்பலில் ஏறித் தன் கொடியை ஏற்றுகிறாரோ அது கொடிக்கப்பல். 1741-ல் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்த குளச்சல் கடற்கரையில் வெற்றித்தூண் நிற்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும். ஒரே அளவில், ஒரே மரத்தில், ஒரே தச்சர் கட்டிய இரண்டு கப்பலில் ஒன்று கொடிக்கப்பலாக இருக்கலாம், மற்றது சாதாரணக் கப்பலாக இருக்கலாம். தளபதி யார் என்பதுதான் கணக்கு. அந்த அர்த்தத்தில் பார்த்தால் பிளாட்ஃபார்ம் பகிர்ந்தது ஒரு தடையே இல்லை.

லெக்ஸஸின் சொந்தக் கதை இதற்கு எதிராக நிற்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 1983-ல் டொயோட்டாவின் தலைவர் எய்ஜி டொயோடா, உலகத்தின் சிறந்த வண்டியை நம்மால் செய்ய முடியுமா என்று தன் ஆட்களைக் கேட்டதில்தான் அந்த பிராண்டே தொடங்கியது. அதன் விளைவு 1989 ஜனவரியில் டெட்ராய்டில் காட்டிய எல்எஸ் 400. புது அஸ்திவாரம், புது வி8 இன்ஜின், பின்சக்கர இழுவை, எதையும் கடன் வாங்காத வண்டி. அதே மேடையில் பக்கத்தில் நின்றது இஎஸ் 250. ஒரே ஒரு மாடலை வைத்து ஷோரூம் திறக்க முடியாது என்பதால் கேம்ரி குடும்பத்து வண்டியை எடுத்து, வி6 இன்ஜினோடு அவசரமாகத் தயார் செய்தது. ஆக, பிறந்த நாளிலேயே எல்எஸ் அண்ணன், இஎஸ் தம்பி. அந்தத் தம்பியைத் தலைமகன் என்று சொல்ல லெக்ஸஸுக்கே அன்று எண்ணமில்லை.

பகிர்ந்த அஸ்திவாரத்தில் மோசமாகச் செய்தவர்களும் உண்டு. 1980-களில் அமெரிக்காவில் கேடிலாக் சிமரான் என்று ஒரு வண்டி வந்தது. ஷெவர்லே கேவலியரின் உடம்பையே எடுத்து, தோல் சீட்டும் கேடிலாக் சின்னமும் வைத்து விற்றார்கள். அந்தப் பெயருக்கே அது களங்கமாகிப் போனது. தாய்மாமன் சொன்ன 'சட்டை மாத்தின' வண்டி என்றால் அதுதான். நல்லபடியாகச் செய்ததற்கு நம் ஊரிலேயே உதாரணம் ஸ்கோடா சூப்பர்ப். முதல் சூப்பர்ப், ஃபோக்ஸ்வேகன் பஸாட்டின் அஸ்திவாரத்தை நீட்டிச் செய்தது. கதவுக்குள் குடை வைத்துக் கொடுத்த அந்த வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்த யாரும் பஸாட் என்று குறைபட்டு நான் கேட்டதில்லை.

இதைவிட எனக்கு வலுவாகப் படுவது டொயோட்டாவின் பெரிய வேன் வெல்ஃபையர். 2023-ல் அதன் புதுத் தலைமுறை இந்தியாவில் அறிமுகமானபோதே ஷோரூம் விலை கிட்டத்தட்ட ஒரு கோடியே 20 லட்சம். பெரிய இடத்து ஆட்கள் ஏறி இறங்குகிற வண்டி. அதுவும் இதே ஜிஏ-கே அஸ்திவாரம்தான், 2.5 லிட்டர் நான்கு சிலிண்டர் ஹைப்ரிட்தான். அதன் கதவு திறக்கும்போது யாரும் குனிந்து அடிப்பக்கத்தைப் பார்ப்பதில்லை. உருவம் வேறாக இருப்பதால் கேள்வி எழுவதில்லை. இஎஸ் பாவம், செடானாகப் பிறந்ததால் பக்கத்தில் ஒரு கேம்ரியை நிறுத்தி அளந்துவிடுகிறார்கள்.

என் முடிவு இதுதான். பிளாட்ஃபார்ம் ஒன்று என்பதற்காக இஎஸ்ஸை முதல் வரியிலிருந்து இறக்க மாட்டேன். பின்சீட்டில் உட்காருகிறவருக்கு இது வேறு வண்டி, அதை நான் கண்ணால் பார்த்துவிட்டேன். ஆனால் புதிதாக வாங்குகிறவருக்கு என் பதில் வேறு. 2024 டிசம்பரில் புதுக் கேம்ரி 48 லட்சத்துக்கு வந்தபோது இஎஸ் 64 லட்சம் சுற்றி இருந்தது. தானே ஓட்டிக்கொண்டு, வாரம் ஒரு முறை திருநெல்வேலி போய் வருகிற ஒருவர் அந்த 16 லட்சத்தைக் கொடுக்கத் தேவையில்லை. முன்சீட்டில் இருக்கிறவருக்குக் காதில்தான் வித்தியாசம், கையில் அவ்வளவு இல்லை. வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள், டிரைவர் இருக்கிறார், மாதம் மூன்று தடவை திருவனந்தபுரம் போக வேண்டும் என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். பழைய வண்டி பார்க்கிறவர்கள், நடுத் திரையைத் தொட்டு இயக்க முடிகிறதா என்று பாருங்கள். 2021 கடைசியில் வந்த மாற்றத்துக்கு முந்தைய வண்டிகளில் விரலால் தடவுகிற சின்னப் பலகை மட்டும்தான், ஓட்டிக்கொண்டே அதில் எதையும் தேடி எடுக்க முடியாது.

பராமரிப்பில் அஸ்திவார உறவு பாதி உதவுகிறது, பாதி ஏமாற்றுகிறது. இன்ஜின் ஒன்று என்பதால் ஆயில் மாற்றுவது, பிரேக் பார்ப்பது எல்லாம் எங்கள் மெக்கானிக்குக்குக் கைவந்த வேலை. மேலே தெரிகிற பாகம் எதுவும் ஒன்றல்ல. ஈத்தாமொழியில் ஒரு கல்யாண வீட்டுத் தோப்பில் நிறுத்தியிருந்தபோது தென்னை மட்டை விழுந்து இடது பக்கக் கண்ணாடி கூட்டோடு உடைந்தது. கேம்ரிக்கு என்றால் உள்ளூரிலேயே கிடைத்திருக்கும். இதற்கு வெளியூரில் ஓர் இடத்தில் சொல்லி வைத்தேன். நான்கு நாளில் வரும் என்றார்கள், வந்தது இருபத்து மூன்று நாளில். அதற்குள் மூன்று முகூர்த்தம் போய்விட்டது. மூன்றுக்கும் கேம்ரியை அனுப்பி, கேம்ரி வாடகையே வாங்கினேன்.

கல்யாண அலங்காரத்துக்கு இஎஸ்ஸின் முகம் வசதி. முன் கிரில்லில் கம்பிகள் நெடுக்குவாக்கில் இருப்பதால் தோவாளைப் பூக்காரர்கள் நூலை நேரே கோர்த்துக் கட்டிவிடுகிறார்கள், பெயிண்டில் டேப் ஒட்ட விடுவதில்லை. தொல்லை உள்ளே. மணமக்கள் ஏறி உட்காரும்போது தலையிலும் மடியிலும் உள்ள அட்சதையும் உதிரி மல்லிகையும் பின்சீட்டுக்குக் கீழே உதிரும். ஹைப்ரிட் பேட்டரி அந்தச் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. அது சூடாகாமல் இருக்கக் காற்று இழுக்கும் ஜன்னல் சீட்டின் கீழ்விளிம்பில் இருக்கிறது. அரிசியும் இதழும் அங்கே போய் அடைத்துக்கொண்டால் பேட்டரிக்கு நல்லதல்ல. ஒவ்வொரு கல்யாணமும் முடிந்து ஷெட்டுக்கு வந்ததும், டார்ச் அடித்து, சின்ன பிரஷ்ஷால் அந்த ஜன்னலைத் துடைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். நேற்று இரவு இரண்டு வண்டியும் ஒரே முகூர்த்தத்துக்குப் போய்வந்தன. இஎஸ்ஸை முடித்துவிட்டு கேம்ரியின் கதவைத் திறந்து குனிந்தேன். அதே இடத்தில் அதே ஜன்னல், அதில் நான்கு மல்லிகை இதழ்.